அழிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே

ஆண்டுக்கு ஒருமுறைதான் இந்த ஆலை மூச்சை நிறுத்தும்,
நடுக்கோடைத் திருநாளுக்கு, மூன்று நாள்.
காகித இயந்திரத்தின் உருளைகள் ஆறிக்கொண்டிருக்கின்றன.
எல்லோரும் ஏரிக்கரைக்குப் போய்விட்டார்கள்,
பீர்ப் பெட்டியும் பிர்ச் தழையுமாக.
எனக்கு வாய்த்தது சர்வர் அறை.

இருபத்தாறு வயது அதற்கு.
குளிர்சாதனப் பெட்டியின் உயரம், உலையின் இரைச்சல்.
எந்த ரீலை எந்த அகலத்தில் வெட்டுவது,
எந்த லாரி எந்தத் துறைமுகத்துக்கு,
அது சொல்லித்தான் ஆலைக்குத் தெரியும்.
ஆறு வருடமாக யாரும் அணைத்ததில்லை.
அணைத்தால் எழுமா என்று
கூட்டத்தில் ஒருமுறை கேட்டேன்;
மேலாளர் ஹன்னு காபி ஊற்றப் போய்விட்டார்.

இரண்டு டிஸ்க் கார்டுகளில் ஒன்று வசந்தத்தில் செத்தது.
அன்றிலிருந்து ஒற்றைக் காலில் நிற்கிறது.
ராட்டர்டாமில் பழைய சாமான் விற்பவரிடம்
உறை பிரிக்காத கார்டு ஒன்று கிடைத்தது.
இன்று மாலை துணிந்து அணைத்தேன், பொருத்தினேன்.
எழுந்தது.
ஆனால் கன்சோலுக்குப் புது ஆளைத் தெரியவில்லை.
'அறியாத சாதனம்' என்கிறது,
சங்கிலியை விலக்காமல்
கதவிடுக்கில் பேசும் வீட்டுக்காரி மாதிரி.

ஆகவே ஃபர்ம்வேர்.

சீரியல் கேபிளின் இந்த முனையில் என் மடிக்கணினி.
கறுப்புத் திரையில் மூன்று அம்புக்குறிகள்
வலப்பக்கம் பார்த்துக் காத்திருக்கின்றன.
இயங்குதளம் கண்விழிப்பதற்கு முந்தைய இடம் இது.
இங்கே மவுஸ் கிடையாது. மன்னிப்பும்.

பலகையில் ஒரு ஜம்பரை இடம் மாற்றவேண்டும்,
அரிசியளவு.
கை நழுவி, தரைப்பலகைக்குக் கீழே
கேபிள் புதருக்குள் போனது.
இருபது நிமிடம் டார்ச்சும் வசவும்.
சீடியைக் கருவி படிக்கவில்லை;
சட்டை நுனியால் லென்ஸைத் துடைத்தேன்
(பயிற்சியில் கூடாது என்றார்கள்),
மூன்றாம் முறை படித்தது.

தொடரவா என்றது.
ஆம் என்பதற்கு ஓர் எழுத்துதான்.
அழிக்கிறேன் என்றது.
பிறகு பெரிய எழுத்தில்: நிறுத்தாதே.

அப்போதுதான் ஸோரியானா உள்ளே வந்தாள்,
தரை மெருகிடும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு.
விடுமுறைக்கு இரட்டைச் சம்பளம் அவளுக்கு.
மின்காப்புப் பெட்டி பேட்டரி மாற்றப் போயிருந்தது;
சர்வரின் உயிர் சுவரில், ஒரே பிளக்கில்.
அவள் குனிந்தாள். பிளக்கில் விரல்கள்.

எனக்குச் சொல் வரவில்லை.
என் மொழியிலும் வரவில்லை, அவள் மொழியிலும்.
கையை மட்டும் உயர்த்தினேன்,
சாலையில் லாரியை மறிப்பவள் போல.

நின்றாள். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள்.
திரையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.
'சாகிறதா?' என்றாள், உடைந்த ஃபின்னிஷில்.

இல்லை என்று சொல்லமுடியவில்லை.
பழையதை அழித்தாயிற்று,
புதியது இன்னும் ஏறவில்லை;
தான் யார் என்பதே தெரியாமல்
இரண்டு டன் மின்விசிறிச் சத்தம் மட்டும்
அறையில் சுழன்றுகொண்டிருந்தது.
புள்ளிகள் ஒவ்வொன்றாக வரிசையில் ஊர்ந்தன.
முப்பத்தொன்றில் நின்றன.
அவள் தன் ஏப்ரனைப் பிடித்துக்கொண்டாள்,
நான் மேசை விளிம்பை.
முப்பத்திரண்டு.

சரிபார்க்கிறேன். சரி.

அணைத்து, பத்து எண்ணி, மறுபடி விசையைத் தட்டினேன்.
அவளும் எண்ணினாள், வேறு எண்களில்.
பதிப்பு எண்ணின் கடைசி இலக்கம் மாறியிருந்தது;
நான்கு மணி நேரத்துக்குக் கூலி அவ்வளவுதான்.
அதன் கீழே ராட்டர்டாம் கார்டு,
முழுப்பெயரோடு.

ஸோரியானா நடைக்கூடத்துச் சாக்கெட்டைத் தேடிப் போனாள்.
கதவருகே திரும்பி,
'என் தங்கை மயக்க மருந்து மருத்துவர்' என்றாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.

கடிகார பேட்டரி எப்போதோ தீர்ந்திருக்கிறது.
இயந்திரம் தேதி கேட்கிறது, மணி கேட்கிறது.
ஜன்னலில் சூரியன் இறங்க மனமில்லாமல்
மரக்கட்டைக் குவியலின் மேல் உட்கார்ந்திருக்கிறது.
பன்னிரண்டு என்று அடிக்கிறேன்.
பகலா இரவா என்று
அது கேட்காதவரை நல்லது.